பிறீஃபில் நாலாவது கட்டம்

அல்பேர்ட் வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது அவரைத் தெரிந்த ஒருவரும் நம்பவில்லை. எப்படி நம்புவது? கார்ல்ஸ்ரூஹேயில் மாதத்தில் ஒருநாள் நடக்கும் தமிழ்ப் பூசையில், கடைசி வாங்கில் வந்து இருந்துவிட்டு, தேத்தண்ணிக்குக்கூட நில்லாமல் போகிற மனிசன் அவர். பாண் பேக்கரித் தொழிற்சாலையில் பதினைந்து வருடமாக மாக் குழைக்கிறார்; மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கும் துருக்கிக்காரனுக்கு இவருடைய குரல் எப்படியிருக்கும் என்று தெரியுமோ என்னவோ. அப்பேர்ப்பட்டவர், பேசவே கூடாத ஒரு கவுண்டரில் போயிருந்து பேசினார்.

முதலில் பெயர்ச் சங்கதியைச் சொல்லிவிடவேண்டும். சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயர்தான் பிள்ளைக்குப் பின்னால் வரும். எண்பத்தைந்தாம் ஆண்டு அகதியாக வந்து இறங்கிய அல்பேர்ட்டிடம் ஜெர்மன்காரன் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டான். இவர் தகப்பன் பெயரைச் சொன்னார். அன்றிலிருந்து இந்த நாட்டில் அவர் 'ஹெர் சவரிமுத்து'. ஐந்து வருடம் கழித்து மன்னாரிலிருந்து மனைவி புஷ்பமலரும் எட்டு வயது மகன் டெனிஸ்டனும் வந்தார்கள். அவர்களுடைய பாஸ்போட்டில் புருசன் பெயர், தகப்பன் பெயர் என்று அல்பேர்ட்தான் பின்னால் நின்றது. ஆகவே அவர்கள் இருவரும் 'அல்பேர்ட்' குடும்பம். இவர் தனியாகச் சவரிமுத்து. கடிதப்பெட்டியில் இரண்டு பெயர் ஒட்டியிருந்தது. கீழ்வீட்டு ஜெர்மன் கிழவி கனகாலமாக இவரை, புஷ்பமலர் அறை வாடகைக்கு விட்டிருக்கிற ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். டெனிஸ்டன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "அப்பா, இந்த மாச வாடகையை அம்மாட்டைக் குடுத்திட்டியளோ?" என்று கேட்பான்.

அவன் எலக்றிக் வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்பை முடித்து, முதல் வருடச் சம்பளத்தைச் சேர்த்து ஒரு கார் வாங்கினான். வெள்ளி நிறத்தில், இரண்டு பேர் ஓடிக் கழித்த சின்னக் கார். இரண்டாயிரத்து நாலு மாசி மாதம், ஒரு காலை, தெருவில் கண்ணாடி போலப் பனி உறைந்திருந்தது. வேலைக்குப் போகும் வழியில், புறூஹ்சால் பக்கத்துச் சந்தியில், வழுக்கி வந்த லொறி ஒன்று சாரதிப் பக்கக் கதவில் மோதியது. அவ்வளவுதான். காரின் வலது பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. அந்தப் பக்கத்தில் நின்று பார்த்தால் அடுத்த நிமிசமே ஏறிப் போகலாம் போல இருந்தது. பொலிஸ் முற்றத்தில் அல்பேர்ட் அந்தப் பக்கத்தில் நின்றுதான் கனநேரம் பார்த்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் புஷ்பமலர் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அந்தக் காரை நசுக்கக் குடுங்கோ. அது ரோட்டில ஓடுறதை என்ர கண் காணப்படாது."

"ஓம்," என்றார் அல்பேர்ட்.

ஓம் என்றவர் என்ன செய்தார்? காப்புறுதிக்காரன் இது திருத்திப் பிரயோசனம் இல்லாத கார் என்று எழுதிவிட்டு, உடைந்த கார் வாங்குகிற ஒருவனின் விலாசத்தையும் அனுப்பினான். அல்பேர்ட் அவனுக்குக் கொடுக்கவில்லை. பிள்ளை கடைசியாக இருந்த இடத்தை யாரோ ஒரு ஏவாரியிடம் எப்படிக் கொடுப்பது? கார் இலக்கத் தகட்டைக் கழற்றிப் பதிவை நிறுத்திவிட்டு, அம்புறோஸின் முற்றத்தில் கொண்டுபோய் விட்டார்.

அம்புறோஸ் யாழ்ப்பாணத்துப் பொடியன். பொடியன் என்றாலும் நாற்பது தாண்டிவிட்டது. ஊருக்கு வெளியே, ரயில்பாதை ஓரமாக ஒரு கொட்டில் எடுத்து, அடிபட்ட கார்களை வாங்கித் திருத்தி விற்பவன். வாய்க்காரன். ஆனால் தொழிலில் நேர்மை. வாங்க வருகிறவன் தமிழனோ ஜெர்மன்காரனோ, கார்த் திறப்பைக் கையில் கொடுக்கமுதல் சொல்லிவிடுவான்: "இது அடிபட்ட கார். இன்ன இடத்தில அடி. நான் திருத்தினது." ஆள் செத்த கார் என்றால் அதையும் சொல்வான். தமிழ்ச்சனம் அதைக் கேட்டதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விடும். "ஏன்டாப்பா கேளாததையெல்லாம் சொல்லுறாய்?" என்று யாராவது கேட்டால் அவனுக்குக் கோபம் வரும்.

"அண்ணை, இந்த நாட்டில கார் செத்து எழும்பினது ஒரு தாளிலயும் வராது. டூவ்காரன் பாத்து ஓம் எண்டால் புதுக்கார் மாதிரித்தான் இலக்கம் குடுப்பான். விக்கிறவன்தான் வாயால சொல்லவேணும். சொல்லாட்டிச் சட்டம் பிடிக்கும். சட்டம் பிடியாட்டியும் வேற ஒண்டு பிடிக்கும்."

டூவ் என்பது கார்ப் பரிசோதனை. அது ஓம் என்று சொல்லாமல் ஒரு சில்லும் ரோட்டில் உருளாது.

முதல் சில மாதம் அல்பேர்ட் சனிக்கிழமைகளில் போய்ச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையில் மரை கழற்றுகிற சாவி ஒன்றை எடுத்தார். பிறகு முழங்காலில் இருந்தார். வீட்டில் 'ஓவர்டைம்' என்று சொன்னார். அம்புறோஸ் அதே மாதிரிக் கார் ஒன்றிலிருந்து இடப்பக்கக் கதவுகளும், வேறொன்றிலிருந்து சாரதி ஆசனமும் தேடிக் கொண்டுவந்தான். வளைந்த இரும்பை இழுத்து நேராக்கினான். பழைய ஆசனத்தை அல்பேர்ட் தானே கழற்றினார். அன்று அம்புறோஸ் கொட்டிலுக்கு வெளியே போய் ரேடியோவைச் சத்தமாகப் போட்டுவிட்டு நின்றான். உள்ளே மனிசன் வாய்விட்டு அழுகிற சத்தம் பக்கத்துத் தோட்டத்து ஜெர்மன்காரனுக்குக் கேட்கக்கூடாதென்றுதான்.

ஒருநாள் அம்புறோஸ் கேட்டான்.

"அண்ணை, திருத்திப்போட்டு என்ன செய்யப் போறியள்? ஓடப் போறியளோ? விக்கப் போறியளோ?"

அல்பேர்ட் சட்டைப் பையிலிருந்து பிறீஃபை எடுத்தார். பிறீஃப் என்றால் இங்கே கடிதம் இல்லை, காரின் உறுதி. காணி உறுதி மாதிரி, கார் யார் யார் கைக்கு மாறியது என்று வரிசையாகப் பெயர் எழுதிக்கொண்டு போகும். ஆறு கட்டம். முதல் இரண்டிலும் இரண்டு ஜெர்மன் பெயர்கள். மூன்றாவதில் 'அல்பேர்ட், டெனிஸ்டன்'. அதன் கீழே நாலாவது கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

"இதில என்ர பேர் வரவேணும்," என்றார் அல்பேர்ட். "அவனுக்குக் கீழ."

இந்த நாட்டில் இருபது வருடமாக எத்தனையோ தாள் நிரப்பியாகிவிட்டது. ஒரு தாளிலும் அவரும் மகனும் ஒன்றாக நின்றதில்லை. சவரிமுத்து ஒரு கோப்பில், அல்பேர்ட் இன்னொரு கோப்பில். ஆஸ்பத்திரியில்கூட "நீங்கள் உறவா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். கார் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? அந்தக் கட்டம் ஒன்று போதும் அவருக்கு. அம்புறோஸுக்கு அது விளங்கியது.

பிறகுதான் புதுச் சட்டம் வந்தது. இரண்டாயிரத்து ஐந்து அக்டோபர் முதலாம் திகதியிலிருந்து பழைய பிறீஃப் கிடையாது, புதுத் தாள். அதில் இப்போதைய உரிமையாளரின் பெயர் இருக்கும். முன்னால் வைத்திருந்தவர்களுக்கு ஒரு எண்ணிக்கை மட்டும். பழையதைக் கொண்டுபோனால் செல்லாது என்று குத்தி, மூலையை வெட்டிவிடுவார்கள்.

இதைக் கேட்டதும் அல்பேர்ட் பகல் வேலையை இரவு வேலையாக மாற்றிக்கொண்டு பகலெல்லாம் கொட்டிலில் கிடந்தார். ஆவணியில் கார் டூவுக்குப் போனது. முன்சில்லு நேரில்லை என்று திருப்பிவிட்டான். மறுபடி இழுத்து, மறுபடி அளந்து, செப்டெம்பர் கடைசி வியாழன் காலையில்தான் ஓம் என்று முத்திரை குத்தினான். இருந்தது அந்த வியாழனும் அடுத்த நாள் வெள்ளியும்தான்.

பதிவுக் கந்தோருக்குப் போகும் வழியெல்லாம் அம்புறோஸ் ஓதிக்கொண்டே வந்தான்.

"அண்ணை, விக்கேக்க வாயைத் திறக்கவேணும். பதியேக்க மூடவேணும். பிறீஃபைக் குடுங்கோ, டூவ் தாளைக் குடுங்கோ, பாஸ்போட்டைக் காட்டுங்கோ. பிறீஃப் கையில வைச்சிருக்கிறவன்தான் காருக்குச் சொந்தக்காரன். அவையள் ஒண்டும் துருவிக் கேக்கமாட்டினம். நீங்களா ஒண்டும் சொல்லாதேங்கோ."

"நான் எங்க கதைக்கிறனான்?" என்றார் அல்பேர்ட்.

அதுவும் உண்மைதானே. அம்புறோஸ் வெளியே சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.

கவுண்டரில் இருந்தவள் வயதான பெண். கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தாள். கடைசி நாள் நெருக்கத்தில் சனம் வரிசையாக நின்றது. அவள் நிமிர்ந்து பார்க்காமலே பிறீஃபை வாங்கி விரித்து, மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இவரிடமிருந்து விலைக்கு வாங்கினீர்களா?"

எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. ஓம் என்பதற்கு 'யா' என்றால் முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு 'யா'. அடுத்த நிமிசம் நாலாவது கட்டம் அச்சாகியிருக்கும். ஆனால் நினைத்துப் பாருங்கள், பெற்ற தகப்பனிடம், பிள்ளையின் பெயரில் விரலை வைத்துக்கொண்டு, விலைக்கு வாங்கினாயா என்று கேட்டால்?

"இல்லை," என்றார் அல்பேர்ட். "இவன் என்னுடைய மகன். செத்துப்போனான். இந்தக் காரில்தான்."

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள். மிகவும் வருந்துகிறேன் என்றாள். அது வெறும் வாய்வார்த்தையாக இருக்கவில்லை. ஆனால் இறந்தவரின் கார் என்று தெரிந்தபின், வாரிசு என்பதற்கு ஏதாவது காட்டவேண்டும் என்றாள். பாஸ்போட்டைப் பார்த்தாள், பிறீஃபைப் பார்த்தாள். சவரிமுத்து. அல்பேர்ட்.

"தகப்பன் என்கிறீர்கள். பெயர் வேறாக இருக்கிறதே?"

அல்பேர்ட் விளக்கினார். ஐயோ, வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக ஜெர்மன் பாஷை அவர் பேசியதே இல்லை. எங்கள் ஊரில் தகப்பனின் முன்பெயர்தான் மகனுக்குப் பின்பெயர், அல்பேர்ட் நான்தான், அவன் பிறந்தது மன்னாரில், பிறப்புப் பத்திரம் ஊரை விட்டு ஓடிய ஓட்டத்தில் தொலைந்துபோனது. பழைய பிறீஃபில்தான் வேண்டும், அவனுக்குக் கீழே வேண்டும் என்பதையும் சொன்னார். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அவள் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் கேட்டாள்:

"தாய் இருக்கிறாரா? அவருடைய பெயர்?"

"அல்பேர்ட், புஷ்பமலர்."

அவள் கணினியில் தட்டிப் பார்த்தாள். ஒரே பெயர், ஒரே விலாசம். அவளுடைய முகம் தெளிந்தது.

"நாளைக்குப் பன்னிரண்டு மணிவரை இருப்பேன். அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தாயார் என் முன்னால் ஒரு கையெழுத்து வைத்தால் போதும். நீங்கள் கேட்கிறபடி இதிலேயே எழுதித் தருகிறேன்."

வெளியே வந்தவரை அம்புறோஸ் ஏசு ஏசென்று ஏசினான். பிறகு சொன்னான்: "சரி, விடுங்கோ. அக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. சின்ன வேலை."

சின்ன வேலை. அக்காவைப் பொறுத்தவரை அந்தக் கார் ஒன்றரை வருடத்துக்கு முன்னமே நசுங்கித் தகரமாகிவிட்டது.

அன்று பின்னேரம் அல்பேர்ட் வீட்டுக்கு வந்து, ஜாக்கெட்டைக் கழற்றாமல் குசினி மேசையில் இருந்தார். புஷ்பமலர் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். புட்டைக் கொட்டி அவருக்கு முன்னால் வைத்தாள். அவர் தொடவில்லை.

"இண்டைக்கு டொக்டரிட்டை, கந்தோரில எண்டு ஏதும் டேர்மின் இருந்ததோ?"

"இல்லை."

அவள் எதிரே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். வழமையாக அவள் அப்படி இருப்பதில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு ரீவிக்கு முன்னால் போய்விடுவாள்.

"என்னட்டை ஏதும் சொல்லவேணுமோ?"

அல்பேர்ட் அவளைப் பார்த்தார். சொல்வதென்றால் எங்கிருந்து தொடங்குவது? உன்னிடம் ஓம் என்று சொன்னது பொய் என்பதிலிருந்தா? அந்த ஆசனத்தைக் கழற்றியதிலிருந்தா? கவுண்டரில் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அருவிபோல வந்த சொல் ஒன்றும் இப்போது வரவில்லை.

"ஒண்டுமில்லை. களைப்பு," என்றார்.

அவள் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு எழும்பிப் போனாள்.

கார் வேலை முடிந்ததால் மறுநாள் பழையபடி பகல் வேலைக்குப் போனார். மா குழைந்துகொண்டிருந்தது. பத்து மணிக்கும் நேரம் இருந்தது, பதினொன்றுக்கும் இருந்தது. டெலிபோன் அறைக்கு இரண்டுதரம் போய்த் திரும்பினார். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. துருக்கிக்காரன் வந்து தோளில் தட்டியபிறகுதான் மெஷின் வெறுமையாகச் சுழல்கிறது என்று கண்டார்.

கொழும்பில் இருக்கும் உமாபதி என்ற சிநேகிதன் மன்னாருக்கு ஆள் அனுப்பிப் பிறப்புப் பத்திரத்தின் பிரதியை எடுத்து அனுப்ப, அது வந்து, இங்கே மொழிபெயர்த்து முடிய நவம்பர் ஆகிவிட்டது. அல்பேர்ட் அதைக் கொண்டுபோனார். அதே கவுண்டர், அதே பெண். அவரைக் கண்டதும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"மனைவிக்குச் சுகமில்லையா?" என்று கேட்டாள்.

அல்பேர்ட் தலையை ஆட்டினார். அது ஓமா இல்லையா என்று அவருக்கே தெரியாது.

புதுத் தாள் மெஷினிலிருந்து வந்தது. அதில் 'சவரிமுத்து, அல்பேர்ட்'. முன்னைய உரிமையாளர் என்ற இடத்தில் மூன்று என்ற இலக்கம். அந்த மூன்றில் ஒன்று டெனிஸ்டன். அவள் பழைய பிறீஃபை எடுத்து, முத்திரை குத்த ஒருகணம் தயங்கி, குத்தி, கத்தரிக்கோலால் மூலையை வெட்டினாள். வெட்டினதை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

புது இலக்கம் பூட்டிய காரை அம்புறோஸின் முற்றத்துக்குத்தான் திருப்பிக் கொண்டுபோயிருக்கவேண்டும். அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தார். கை எங்கே திருப்பியதோ, வீட்டு வாசலில் வந்து நின்றபிறகுதான் எங்கே வந்திருக்கிறோம் என்று தெரிந்தது. டெனிஸ்டன் எப்போதும் விடுகிற அதே மரத்தடி. இஞ்சினை நிறுத்த மனம் வராமல் இருந்தார்.

புஷ்பமலர் வேலை முடிந்து, கையில் சாமான் பையோடு தெருவில் வந்துகொண்டிருந்தாள். காரைக் கண்டாள். நின்றாள். அல்பேர்ட்டுக்கு இறங்கத் தோன்றவில்லை. அவள் வந்து, சுற்றிப் போய், சாரதிப் பக்கக் கதவில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். பிறகு மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டாள்.

"மலர், நான்..."

"சனிக்கிழமை சனிக்கிழமை உங்கட உடுப்புத் தோய்க்கிறது ஆர்? மாவில எப்ப கிறீஸ் இருந்தது?"

அல்பேர்ட் தன் சட்டைக் கையைப் பார்த்தார்.

"நசுக்கச் சொன்னனான் தான். உண்மை. அம்புறோஸிட்டைப் போய்ச் சத்தம் போடுவம் எண்டுகூட ஒருநாள் வெளிக்கிட்டனான்," என்றாள் அவள். "ஆனா நீங்கள் அங்க போய்வாற நாளிலதான் நித்திரை கொண்டனியள். அதால பேசாமல் இருந்திட்டன். சொல்லேக்க சொல்லட்டும் எண்டு."

மழை தூறத் தொடங்கியது. அவள் அவருடைய சட்டைப் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பிறீஃபை எடுத்து விரித்தாள். மூன்றாவது கட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெட்டின மூலையைப் பார்த்தாள்.

"இதை ஏன் வெட்டினவை?"

அல்பேர்ட் சொன்னார். இம்முறை ஒன்றையும் விடவில்லை. நாலாவது கட்டம், புதுச் சட்டம், வியாழக்கிழமை, அந்தப் பெண் விலைக்கு வாங்கினீர்களா என்று கேட்டது, தான் மகன் என்று சொன்னது, தாய் வந்து ஒரு கையெழுத்து வைத்தால் போதும் என்று அவள் சொன்னது, மறுநாள் பன்னிரண்டு மணி. கண்ணாடியில் தண்ணீர் ஓடி, வீடு தெரியாமல் போனது.

"அந்த வியாழன் பின்னேரந்தான் புட்டு அவிச்சனான்," என்றாள்.

"ஓம்."

"முன்னால வந்திருந்து கேட்டனான்."

"ஓம்."

"அந்த வெள்ளைக்காரிக்குச் சொன்னியள், அவன் என்ர மகன், செத்துப்போனான் எண்டு."

அல்பேர்ட் இஞ்சினை நிறுத்தினார்.

"எனக்கு நீங்கள் ஒருநாளும் அதைச் சொல்லேல்லை," என்றாள் புஷ்பமலர். "ஆஸ்பத்திரியிலயும் சொல்லேல்லை. டொக்டர்தான் சொன்னவர்."

அவள் பிறீஃபை வந்த மடிப்பிலேயே மடித்து, அவருடைய பையில் திரும்ப வைத்தாள். அவளுடைய குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்கு நல்லாயிருந்திருக்கும்.

"கூப்பிட்டிருந்தால் வந்திருப்பன்," என்றாள்.

சாமான் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, மழையில் வாசல்வரை நடந்து, கடிதப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவை அவருக்காகச் சாத்தாமல் விட்டிருந்தாள்.